பிறப்பிலேயே வந்த கொழுப்பு

மேலகரத்தில் வந்து மகாராஜா வீடு எது என்று கேட்டால் நாலு மகாராஜாக்களைக் காட்டுவார்கள். கொழுப்பு மகாராஜா என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். போலீசில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலத்தில் சீசன் வந்தால் அவருக்குப் பேரருவியில்தான் டூட்டி. தண்ணீர் கூடுகிறது என்று தோன்றிவிட்டால் விசிலை வாயில் வைப்பார். அப்புறம் உள்ளே குளிப்பது யாராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஒருமுறை வெளியூர்ப் பெரிய அதிகாரி ஒருவரை எண்ணெய்த் தலையும் துண்டுமாக வெளியே ஏற்றிவிட்டார். அந்த எண்ணெய் காய்வதற்குள் இவருக்குக் கேரள எல்லையில் புளியறை செக்போஸ்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும் என்று கூட இருந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். தண்ணீர் வந்தது உண்மை, நான் எதுக்குக் கேட்கணும் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார் மனுஷன். பட்டப்பெயர் சும்மா வருமா?

அந்தக் கொழுப்பெல்லாம் பார்க்க ஆள் இருக்கும்போதுதான். இப்போது வீட்டில் அவர் மட்டும். மனைவி நாச்சியார் போய்ச் சேர்ந்து நாலைந்து வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. போன் அடித்தால் பாதி நாள் அது பதிவு செய்த குரலாக இருக்கும். உங்கள் எண்ணுக்குப் புதிய திட்டம் வந்திருக்கிறது என்று ஒரு பெண் பேசுவாள். மற்றவர்கள் பட்டென்று வெட்டிவிடுவார்கள். மகாராஜா கடைசி வரைக்கும் கேட்பார். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அவள் சொல்வது வரை கேட்டுவிட்டு, எதையும் அழுத்தாமல் போனை வைப்பார். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சொல்வதற்கும் ஆள் இல்லை.

சவரம் பண்ணும்போதுதான் தாடைக்குக் கீழே ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தென்காசியில் ரத்தம் பார்த்தார்கள். வெள்ளையணு தாறுமாறாகக் கூடியிருக்கிறது, தாமதிக்காமல் போங்கள் என்று மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பஸ் புளியறையைத் தாண்டும்போது செக்போஸ்டை எட்டிப் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ரத்தப் புற்றுநோய்தான் என்று அங்கே முடிவாயிற்று. மெதுவாகப் போகிற வகை, மாத்திரை உண்டு, பயப்பட வேண்டாம் என்றார்கள்.

பயம்கூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை உண்டு, அதுதான் அவரைப் போட்டு வாட்டியது. நோயாளிக்குத் துணையாக வருகிறவரை அங்கே 'பைஸ்டாண்டர்' என்பார்கள். ஒவ்வொரு அறையிலும், ஒவ்வொரு ஜன்னலிலும் முதல் கேள்வியே அதுதான். பைஸ்டாண்டர் எங்கே, பைஸ்டாண்டரை வரச் சொல்லுங்கள். போலீஸ் பாஷையில் அந்த வார்த்தைக்குச் சும்மா நின்று வேடிக்கை பார்த்தவன் என்று அர்த்தம். விபத்து நடந்த இடத்தில் அப்படிப்பட்ட ஆட்களை எத்தனையோ தடவை விரட்டி அடித்திருக்கிறார். வேடிக்கை பார்க்கவாவது ஒருவர் கூட வந்திருக்கலாம் என்று அந்த நடைவழியில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குத் தோன்றியது. வெளியே போயிருக்காவ, இப்ப வந்திருவாவ என்று எல்லா ஜன்னலிலும் பொய் சொன்னார்.

மாஜிதா என்கிற டாக்டரம்மாவிடம் அந்தப் பொய் செல்லவில்லை. கொல்லத்துப் பெண், மலையாளம் கலந்த தமிழ் பேசுவாள். மூன்றாவது தடவை போனபோது அவரை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள். வெள்ளையணு ஒரு பக்கம் இருக்கட்டும், ரத்தத்தில் கொழுப்பும் அளவுக்கு மேலே இருக்கிறது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். காலையில் இட்லி, மத்தியானம் ரசம் சோறு, ராத்திரி மிச்ச ரசம் என்றார். தனி ஆளுக்கு அதற்கு மேல் யார் சமைப்பது?

அவள் தலையை ஆட்டினாள். "அப்போ இது தின்னு வந்த கொழுப்பு இல்ல, ஸாரே. இது பிறப்பிலேயே வந்த கொழுப்பு."

மகாராஜா சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதிர்ச்சியில் சிலருக்கு இப்படி ஆகும் என்று அந்தப் பெண் பயந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். ஒன்றுமில்லை தாயி என்று துடைத்துக்கொண்டார். வாழ்க்கையிலேயே பெரிய வேடிக்கை அவருக்கு இப்போதுதான் நடந்திருக்கிறது. அது புரிகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான் உண்டு. அந்த ஒருத்தி அவரோடு பேசுவதில்லை.

அவருடைய தங்கச்சி ரெங்கம்மாள். வாசுதேவநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் இசக்கிமணி என்று ஒரு தம்பி. மணிக்குத் தங்கச்சி என்றால் உயிர், மாதத்தில் பாதி நாள் ரெங்கம்மாள் வீட்டில்தான் கிடப்பான். நாற்பதைத் தாண்டியதும் ஒருநாள் அங்கே வைத்தே அவனுக்கு நெஞ்சு வலித்தது. வாயு என்று நினைத்தார்கள். சாயங்காலத்துக்குள் போய்விட்டான். அன்றைக்குப் பார்த்துக் குற்றாலத்தில் வெள்ளம். கம்பியைப் பிடித்துக்கொண்டு சனங்கள் நிற்கிற இடத்தைவிட்டு மகாராஜாவால் நகர முடியவில்லை. எல்லாம் முடிந்து, தலைமுழுகி ஆட்கள் திரும்புகிற நேரத்துக்குத்தான் நனைந்த காக்கியோடு போய் நின்றார். வாயைத் திறந்தால் ஓவென்று அழுதுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். அதனால் வேறு எதற்கோ வாயைத் திறந்தார். தெருவில் வண்டியை இப்படியா நிறுத்துவது, ஓரமாகப் போடுங்கள் என்று நாலு பேரை அதட்டினார்.

ரெங்கம்மாள் தலைவிரிகோலமாக எழுந்து வந்தாள். "ஒனக்குப் பொறப்புலயே வந்த கொழுப்புண்ணே. கட்டையில வச்சாலும் வேகாது. இனி செத்தாலும் ஒன் சோத்துல நான் கை நனைக்க மாட்டேன்" என்றாள். துட்டி வீடு மொத்தமும் கேட்டது.

கை நனைக்க மாட்டேன் என்றால் லேசான பேச்சில்லை. அந்தப் பக்கத்தில் அதைச் சொல்லிவிட்டு யாரும் எளிதில் திரும்பி வருவதில்லை. நாச்சியார் இருந்தவரைக்கும் நடந்து நடந்து பார்த்தாள், இரண்டு கதவும் திறக்கவில்லை. நாச்சியார் இறந்தபோது ரெங்கம்மாள் வந்தாள், பெண்களோடு உட்கார்ந்து அழுதாள், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள். அண்ணன்காரனும் இரு என்று சொல்லவில்லை. கொழுப்பு என்றால் அதுதானே?

டாக்டரம்மா விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். ரத்தத்துக் கொழுப்பு சாப்பாட்டாலும் வரும், தாயும் தகப்பனும் கொடுத்தும் வரும். அப்படிப் பிறப்பில் வந்த கொழுப்பு இந்த நோயில் ஒருவர் எவ்வளவு காலம் இருப்பார் என்பதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம் என்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சந்தேகம்தான், முடிவு இல்லை. இங்கேயும் அதைப் பார்க்கிறார்கள். அதற்குக் கூடப் பிறந்தவர்களின் ரத்தம் வேண்டும்.

"எனக்குக் கூட்டுமா, குறைக்குமா?" என்று கேட்டார்.

"அறியில்ல ஸாரே. சத்தியமா யாருக்கும் இப்ப அறியில்ல." இன்னொன்றும் சொன்னாள். ஆராய்ச்சியை விடுங்கள், இந்தக் கொழுப்பு இதயத்துக்கு ஆகாது. கூடப் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கண்டிப்பாக ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் நெஞ்சு வலியில் போயிருக்கிறார்களா?

மகாராஜாவுக்குச் சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. ஒரு தம்பி என்றார். பிறகு போனை எடுத்து, தங்கச்சியின் எண்ணைத் தேடிப் பிடித்து, அதை மேசைமேல் டாக்டரம்மா பக்கமாகத் தள்ளினார். நான் பேசினால் எடுக்க மாட்டாள், நீங்களே சொல்லுங்கள் என்றார். அவள் தன் போனில் எண்ணைப் போட்டு, அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினாள்.

அலோ என்ற குரல் கேட்டதும் மகாராஜா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. தங்கச்சிக்கும் வயதாகிவிட்டது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சேச்சி, நிங்களுடெ குடும்பத்தில் கொழுப்பு உண்டோ?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

அந்தப் பக்கமிருந்து யார் பேசுதது என்று ஒரு முறைப்பான கேள்வி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், உங்கள் அண்ணன் மகாராஜாவுக்குக் கொழுப்பு ரொம்ப உண்டு, அதுதான் கேட்கிறேன் என்று இவள் விளக்கினாள்.

"அவனுக்கு உண்டுன்னு ஊருக்கே தெரியும் தாயி. அதைக் கண்டுபிடிக்கவா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்?"

"பிறப்பிலேயே வந்ததோ என்று நோக்கணும்."

"பொறப்புலயே வந்ததுதான். நான்தான் சொன்னேனே."

டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு தெளிவாகச் சொல்கிற உறவுக்காரர்கள் அவளுக்குக் கிடைப்பதில்லை போலிருக்கிறது. அப்படியானால் உங்களுக்கும் இருக்கும், அதையும் பார்க்க வேண்டும் என்றாள். எனக்கா, எனக்கும் கொஞ்சம் உண்டு, இல்லாமலா பேசாமல் இருக்கிறோம் என்றாள் ரெங்கம்மாள். மகாராஜா வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்துவிடுவோமோ அழுதுவிடுவோமோ என்று அவருக்கே பிடிபடவில்லை. அதற்குள் டாக்டரம்மா எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். நோயின் பேர், ரத்தம், நெஞ்சு வலி, சோதனை என்று ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. லைன் போய்விட்டது என்று டாக்டரம்மா திரும்பப் போடப் போனாள். வேண்டாம் தாயி, அவள்தான் வைத்தாள் என்றார் மகாராஜா.

ஊருக்கு வந்து காத்திருந்தார். போன் அடிக்கும்போதெல்லாம் திட்டம் விற்கிற பெண்தான் வந்தாள். இப்போது அவளைக் கடைசிவரை கேட்க அவருக்குப் பொறுமை இல்லை, அந்த நேரத்தில் வேறு யாராவது கூப்பிட்டுவிட்டால்? சாரல் விட்டபாடில்லை. வேட்டி காயவில்லை, மனசும் காயவில்லை. முன்பெல்லாம் சீசன் நாளில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேரைப் பார்ப்பார். இன்றைக்குப் பால்காரர் தூக்குச்சட்டியில் பாலை ஊற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போவதுதான் மனுஷ வாடை. மாத்திரையை விழுங்கிவிட்டு வெளியே நாற்காலி போட்டு, குற்றாலத்துக்குப் போகிற கார்களைப் பார்த்தார். ஒவ்வொரு காரிலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். எல்லோருக்கும் பைஸ்டாண்டர் இருந்தார்கள்.

ரெங்கம்மாள் வராவிட்டால் போகட்டும், ரத்தம் பார்த்துக்கொள்ளவாவது செய்தாளா என்பதுதான் அவரை அரித்தது. மணிக்கு நடந்தது அவளுக்கும் நடந்துவிட்டால், நனைந்த காக்கியோடு போய் நிற்கக்கூட அவருக்கு இப்போது காக்கி இல்லை.

ஒரு மாலையில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள். "மாமா, நான் அபி. தென்காசியில எந்த லேப்புன்னு சொல்லுங்க. அம்மா வருதாங்க." ரெங்கம்மாளின் மகள், கடையநல்லூரில் டீச்சராக இருக்கிறாள். அவளைக் கடைசியாகப் பார்க்கும்போது பாவாடை சட்டை. குரலில் அப்படியே ரெங்கம்மாள்.

வெறும் வயிற்றோடுதான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். சொல்லிவிட்டு யோசித்தார். முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்து, பஸ்ஸில் வந்து, ரத்தமும் கொடுத்துவிட்டு நின்றால் அவளுக்குத் தலை சுற்றும். அந்தக் காலத்திலேயே பசி பொறுக்க மாட்டாள். காலையில் எழுந்து இட்லி ஊற்றினார். நாச்சியார் பேர் வெட்டின தூக்குச்சட்டியில் அடுக்கினார். எள்ளு மிளகாய்ப்பொடி வைத்தார். நல்லெண்ணெய் ஊற்றப் போய், டாக்டரம்மா ஞாபகம் வந்து, கொஞ்சமாக ஊற்றினார்.

யானைப்பாலம் பக்கத்து லேப்பில் அம்மாவும் மகளும் அவருக்கு முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரெங்கம்மாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாடைக்குக் கீழே அந்தக் கட்டியைப் பார்த்தாள், உடனே சுவரைப் பார்த்தாள். லேப் நடத்துகிற ஜெபமலர் மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்தாள். எடுத்து முடித்ததும், ஆச்சி முகம் வெளுத்துப்போச்சு, உடனே ஏதாவது சாப்பிடுங்க என்றாள். மகாராஜா தூக்குச்சட்டியை பெஞ்சில் வைத்துத் திறந்தார். வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். டூட்டியில் நிற்கிற மாதிரி.

அபி ஒரு இட்லியை எடுத்தாள். ரெங்கம்மாள் அசையவில்லை. இது மாமா வீடு இல்லையேம்மா என்றாள் அபி. வீடு என்றா சொன்னேன், சோறு என்று சொன்னேன் என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் அந்த இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசி காதை அடைத்திருக்க வேண்டும். பிறகு மகளிடம், எதிரே டீக்கடையில் போய் ஒரு ஸ்பூன் வாங்கிட்டு வாட்டி என்றாள்.

ஸ்பூன் வந்தது. ரெங்கம்மாள் அதை முந்தானையில் துடைத்து, இட்லியை வெட்டி, பொடியில் தொட்டு, ஒரு விரல்கூடப் படாமல் சாப்பிட்டாள். சொன்ன சொல் சொன்னதுதான், கை நனையவில்லை. பிறந்ததிலிருந்து அவள் ஸ்பூனால் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. இட்லி பாதி மடியில் விழுந்தது. மகாராஜா தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

"அபி, ஒங்க மாமன்கிட்ட கேளு" என்றாள் ரெங்கம்மாள், ஸ்பூனைப் பார்த்துக்கொண்டே. "மணிக்கும் இதுதான் இருந்திருக்குமா?"

கேட்க வேண்டியிருக்கவில்லை, அவர் இரண்டடி தூரத்தில்தான் நின்றார். "இருந்திருக்கும்னுதான் டாக்டரம்மா சொல்லுதா" என்றார்.

"நான் வாயுன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்தேன். கார் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகல. இத்தன வருசமா அதான் நெஞ்சுக்குள்ள கெடக்கு. அன்னிக்கு அதச் சொல்ல முடியாமத்தான் ஒங்க மாமனப் பேசுனேன்னு சொல்லு."

அபி யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். ஒனக்குத் தெரியாதுல்லா என்று தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார் மகாராஜா. எங்க யாருக்குமே தெரியாதுல்லா, ரத்தத்துக்குள்ள இருந்துச்சு என்றார். ரெங்கம்மாள் அடுத்த இட்லியை வெட்டினாள்.

ஜெபமலர் கூப்பிட்டுக் காட்டினாள். சுழற்றி எடுத்த மூன்று குழாய்கள் ஸ்டாண்டில் நின்றன. அபியுடையதில் மேல்தண்ணீர் தெளிவாக இருந்தது. மகாராஜாவுடையதிலும் ரெங்கம்மாளுடையதிலும் மேலே அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுப்பு. எது யாருடையது என்று பேர் ஒட்டியிருக்காவிட்டால் சொல்ல முடியாது. பெரிய டாக்டரிடம் காட்டி மாத்திரை எடுக்க வேண்டும் ஆச்சி, நீங்கள் தப்பித்தீர்கள் டீச்சர் என்றாள் ஜெபமலர். போனில் விவரம் கேட்ட டாக்டரம்மா, ஆராய்ச்சிக்கு இரண்டு பேர் ரத்தமும் வேண்டும், இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் இதே மாதிரி வெறும் வயிற்றோடு கொடுக்க வேண்டும் என்றாள். விடை தெரிய எத்தனை வருஷம் ஆகும் என்று அவளுக்கே தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் அம்மாவையும் மகளையும் வாசுதேவநல்லூர் வழியாகப் போகிற ராஜபாளையம் பஸ்ஸில் மகாராஜா ஏற்றிவிட்டார். அபி இடம் பிடிக்க உள்ளே போய்விட்டாள். ரெங்கம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ஸ்பூனை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். வண்டி உறுமியது. இடையில் ஆள் வைக்காமல், நேராக அவர் முகத்தைப் பார்த்து அன்றைக்கு முதல்முறையாகக் கேட்டாள்.

"ஆறு மாசம் இருப்பியாண்ணே?"

அந்தக் கேள்வியைத்தான் அவர் வேறு விதமாகத் திருவனந்தபுரத்தில் கேட்டார். அங்கே யாருக்கும் விடை தெரியவில்லை. இங்கேயும் அவருக்குத் தெரியாது. ஆனால் கேட்டது தங்கச்சி.

"இருப்பேன்" என்றார் மகாராஜா. "கொழுப்பு இருக்குல்லா."

ரெங்கம்மாள் சிரித்தாள். சத்தமாக, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். பஸ் கிளம்பிப் போனது. அவர் காலித் தூக்குச்சட்டியோடு அங்கேயே நின்றார். அப்புறம் மேலகரம் பஸ்ஸைத் தேடிப் போனார். வீடு பூட்டியபடி இருந்தது. உள்ளே போய் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ராத்திரிக்கு ரசம் போதுமா என்று பார்த்தார். ஸ்பூனை அவளே கொண்டுபோய்விட்டாள், அடுத்த தடவைக்கு வேண்டுமே.